அடையாற்றின் இரு கரையும் பசுமைவழியாக வேண்டும்

சென்னைப் பெருநகருக்கு மூன்றாவது மாஸ்டர் பிளான் (2026–2046), அதாவது எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் திட்டம், தயாராகிறது. அதில் எனக்கு ஒரே கோரிக்கைதான்: ஆதனூர் ஏரிப் பக்கம் தொடங்கி பட்டினப்பாக்கம் முகத்துவாரம் வரை, அடையாற்றின் இரு கரைகளையும் ஒரே தொடர் பசுமைவழியாகச் சட்டப்படி அறிவிக்க வேண்டும்.

சுமார் 42 கி.மீ. ஓடுகிற ஆறு. பச்சை இருப்பதோ துண்டு துண்டாக. முகத்துவாரத்தில் தொல்காப்பியப் பூங்கா, 58 ஏக்கர். ஒரு காலத்தில் கட்டட இடிபாடு கொட்டிய இடம் அது. இன்று அங்கே சேற்றிலிருந்து விரல் விரலாக அலையாத்தியின் மூச்சு வேர்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன, நடுவே நண்டுகள் ஓடுகின்றன. அப்புறம் கோட்டூர்புரம் மரப்பூங்கா. இரண்டையும் தாண்டி சைதாப்பேட்டைப் பக்கம் போனால் மறுபடி இடிபாடு, பிளாஸ்டிக், சாக்கடை.

பூங்கா என்றால் ஒதுக்கிய நிதியோடு நின்றுவிடும். மாஸ்டர் பிளானின் நில உபயோக வரைபடத்தில் கோடு விழுந்தால்தான், கரையில் கட்டடம் எழுப்ப வருபவரிடம் முடியாது என்று சொல்ல அதிகாரிக்குப் பிடிமானம் இருக்கும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறந்தபோது, ஆறு தன் இடத்தைத் தேடி வீடுகளுக்குள் வந்ததை மறக்க முடியுமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பசுமைவழி என்ற பெயரில் குடிசைகளை மட்டும் அகற்றி, அங்குள்ளவர்களைப் பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புக்கு அனுப்புவதை நான் ஏற்கமாட்டேன். அளவெடுப்பது பெரிய கட்டடங்களிலிருந்து தொடங்கட்டும். கரையோரம் வாழ்கிற மக்களையும் உட்கார வைத்துப் பேசித்தான் அந்தக் கோட்டைப் போட வேண்டும்.

இதை மனுவாக எழுதிக்கொண்டிருக்கிறேன். கையெழுத்திட விரும்புபவர்கள் இன்பாக்ஸுக்கு வாருங்கள்.