இடது கை நாட்குறிப்பு

ஆகஸ்ட் 4, திங்கள்

பாம்பூ பஜாரில் மூங்கில் வாங்கியாயிற்று. என் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக மூன்று கழி, கட்டைவிரல் தடிமன். தக்காளிச் செடிக்கா என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன். ஏர் கன்னைச் சாய்த்துவைத்துச் சுட என்று சொன்னால் கதை நீளும்.

உச்சியிலிருந்து ஒரு சாண் இறக்கி சைக்கிள் டியூபால் இறுக்கிச் சுற்றினேன். விரித்தால் மேலே கவட்டை, கீழே மூன்று கால். அப்பாவிடம் இருந்தது ரெண்டு கால் கம்பு. அதில் பக்கவாட்டு ஆட்டம் அடங்கும், முன்பின் ஆட்டம் மிஞ்சும். ஒற்றைக் கம்பு மேல்கீழ் ஆட்டத்தை மட்டும் தாங்கும். மூன்று கால் என்றால் நான் விட்டாலும் அது நிற்கும்.

விட்டாலும் நிற்கும் என்பது பிடித்திருக்கிறது. பிடிக்கவும் இல்லை.

ஆகஸ்ட் 5

காலை டம்ளரைப் பிடித்தபோது இடது கையில் நடுக்கம் இல்லை. சாயங்கால டம்ளரில் இருந்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்

சந்தில் பத்து மீட்டர் அளந்து போட்ட கோடு மழையில் அழிந்துவிட்டது. மறுபடி டேப் பிடித்தேன். கடைசியில் இரும்புப் பெட்டி, உள்ளே மணல், அதன் பின்னால் மொட்டைச் சுவர். கேட்டைப் பூட்டாமல் சுடுவதில்லை.

அப்பாவின் டயானா 35 ஏர் ரைஃபிளைக் கவட்டையில் நேராக வைத்துச் சுட்டால் குறி இடம் மாறிவிடுகிறது. மாறும் என்று தெரியும். ஸ்பிரிங் துப்பாக்கியில் டிரிகரை விட்டதும் பிஸ்டன் முன்னால் பாயும், துப்பாக்கி பின்னால் உதைக்கும். பிஸ்டன் சிலிண்டர் முனையில் போய் நின்றதும் துப்பாக்கி முன்னால் குதிக்கும். இந்தக் கூத்து நடக்கும்போது பெல்லட், அந்தச் சின்ன ஈயக் குண்டு, இன்னும் பேரலுக்குள்தான் இருக்கிறது. துப்பாக்கியின் மரக் கட்டைக்கு அடியில் கெட்டியாக ஏதாவது இருந்தால் துப்பாக்கி அதில் எகிறி வேறு பக்கம் பார்க்கும். ஆகையால் கவட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உள்ளங்கையை விரித்து வைக்க வேண்டும், பிடிக்காமல், சும்மா ஏந்தி. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில். டிரிகரைச் சுற்றிய வளையத்துக்கு முன்னால் எடை சமனாகும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறேன்.

அதாவது கம்பு வாங்கியதே இடது கைக்கு ஓய்வு கொடுக்க. இந்தத் துப்பாக்கிக்கோ இடது கை இல்லாமல் ஆகாது. நடுங்குகிற கையைக் கொண்டுபோய் நடுங்காத கம்பின் மேல் மெத்தையாகப் போடு என்கிறது.

கிளப்பில் பி.சி.பி. துப்பாக்கி இருக்கிறது. அடைத்து வைத்த காற்று, பிஸ்டன் இல்லை, உதை இல்லை, எதன் மேல் வைத்தாலும் கவலைப்படாது. அங்கே போனால் எல்லாரும் பார்ப்பார்கள். போவதாக இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பெங்களூரில் மஞ்சள் லைன் மெட்ரோ திறப்பு. பிரதமர் வருகிறார் என்று பாதி ஊரை அடைத்துவிட்டார்கள். அண்ணி வர முடியவில்லை. நல்லது.

அண்ணன் மகன் இங்கிலாந்தில் யார்க்ஷயரிலிருந்து வீடியோ காலில் வந்தான். "அத்தை, மூணு கால் பத்தாது, நாலு கால் வாங்குங்க. முன்னாடியும் தாங்கும், பின்னாடி தோள்ல வைக்கிற பட் முனையையும் தாங்கும்" என்றான். பண்ணைக்காரரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு முயல் அடிக்கப் போகிறான். அங்கே 12 அடி-பவுண்டு சக்தி வரைக்கும் ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாமாம். ஸ்காட்லாந்தில் மட்டும் 2016 கடைசியிலிருந்து அதற்கும் வேண்டும். அவ்வளவு குறைந்த சக்தியில் முயலின் உடம்பில் அடித்தால் அது துடித்துப் புதருக்குள் போய்ச் சாகும், தலைதான் குறி, தலையிலும் ஒரு ரூபாய்த் துட்டு அகலம்தான். அந்தத் தூரத்தில், அந்தக் கம்பில், குறி அட்டையில் எல்லா அடியும் துட்டுக்குள் விழாத நாளில் அவன் முயல் பக்கம் போக மாட்டான். கெட்டிக்காரன். அப்பாவிடம் பிறந்திருக்க வேண்டியவன்.

அப்பா காடை, கவுதாரி அடித்தவர். கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஷிஃப்ட் முடிந்து வந்தால் விடிவதற்குள் கம்பும் கையுமாகக் கிளம்பிவிடுவார். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு டப்பாதான், சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேட்டு ஓரமாக வரிசையாக வைத்து. எனக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் டப்பாவில்தான். என்னைக் கம்பு தொட விட்டதில்லை. "நிக்கக் கத்துக்கோ, அப்புறம் சாஞ்சிக்கலாம்" என்பார்.

போனில் முகத்தைப் பார்த்துவிட்டு "அத்தை, கை ஏன் ஆடுது?" என்றான். சிக்னல் என்றேன்.

ஆகஸ்ட் 11

இன்றைக்கு 17 வருஷம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா, பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம். கடைசி அடிக்கு முன்னால் ஃபின்லாந்துக்காரரோடு சமம். இவர் 10.8, அவர் 9.7. குறி அட்டையில் பத்து மார்க் புள்ளி அரை மில்லிமீட்டர் அகலம், பெல்லட் நாலரை மில்லிமீட்டர். அங்கே சாயக் கவட்டை கிடையாது. தோள், கன்னம், இடுப்பெலும்பில் முட்டுக்கொடுத்த இடது முழங்கை, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 13, புதன்

டாக்டர் சின்ன வயசு. பேப்பரில் சுருள் வரையச் சொன்னார், வலது கையால், பிறகு இடது கையால். மூக்கைத் தொடு, அவர் விரலைத் தொடு. வராந்தாவில் நடக்கவிட்டு என் கைவீச்சைப் பார்த்தார். இடது கை வீசவில்லையாம். எனக்குத் தெரியவே தெரியாது. இத்தனை வருஷம் நடந்திருக்கிறேன், கை வீசுகிறதா என்று யார் பார்ப்பது.

மடியில் வைத்திருக்கும்போது நடுங்குமா, எடுக்கும்போது நடுங்குமா? ரெண்டும் என்றேன். வீட்டில் வேறு யாருக்காவது? அப்பாவுக்குக் கடைசியில் இருந்தது, ஆனால் அவருக்கு நெஞ்சில் சுரங்கத் தூசியும் இருந்தது, எது எதனால் என்று யார் கண்டார்கள்.

ரெண்டு கையும் நடுங்கினால் பெரும்பாலும் சாதாரண நடுக்கம், பயப்பட ஒன்றுமில்லை என்றார். ஒரே பக்கமென்றால் பார்க்க வேண்டும். பார்க்கின்சன் நோயா என்று மூளையில் பார்க்கிற ட்ரோடாட் ஸ்கேன் எழுதியிருக்கிறார். தேதி செப்டம்பர் 4. நடுவில் நடுக்கத்துக்கு ப்ரோப்ரானலால் மாத்திரை, காலை, ராத்திரி. "ஆஸ்துமா இருக்கா மேடம்?" இல்லை.

ஆட்டோவில் வரும்போது வலது கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். நீயும் கொஞ்சம் நடுங்கேன் என்று அதனிடம் சொன்னேன்.

ஆகஸ்ட் 14

ப்ரோப்ரானலால். இந்தப் பெயரை எங்கே கேட்டோம் என்று ராத்திரி முழுக்க மண்டைக்குள் குடைந்தது. அதே பெய்ஜிங். வடகொரியாவின் கிம் ஜாங் சூ, பிஸ்டலில் வெள்ளியும் வெண்கலமும். ரெண்டையும் பிடுங்கிக்கொண்டார்கள், இந்த மாத்திரைக்காக. இதயத் துடிப்பை இறக்கும், கையை அடக்கும். துப்பாக்கி சுடுகிறவர்களுக்குப் போட்டி நாளில் மட்டுமில்லை, மற்ற நாளிலும் தடை.

எனக்கு யார் மெடல் கொடுக்கப் போகிறார்கள். இருந்தாலும் மாத்திரை அட்டையைப் பிரிக்கவில்லை. மாத்திரை போட்டால் கை அடங்கும். அடங்கிவிட்டால் இடது எது, வலது எது என்று நான் எப்படிப் பார்ப்பது?

ஆகஸ்ட் 15

மழை. கொடியேற்றி லட்டு கொடுத்தார்கள். இடது கையால் வாங்கினேன், அண்ணி முறைத்தாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

எதிர் அபார்ட்மென்ட் செக்ரட்டரி வந்தார். புறாத் தொல்லையாம். "மேடம், நீங்க சந்துல சுடறது கேக்குது, ரெண்டு மூணு தட்டிவிட்டீங்கன்னா மத்ததெல்லாம் வராது." 20 ஜூலுக்குள்ளே, நாலரை மில்லிமீட்டர் என்றால் லைசென்ஸ் வேண்டாம் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்திருக்கிறார், 2016 ஆயுத விதியையெல்லாம் எடுத்து விடுகிறார். துப்பாக்கி வைத்துக்கொள்ளத்தான் லைசென்ஸ் வேண்டாம் சார், பால்கனியைப் பார்த்துச் சுடுவதற்கு இல்லை. புறாவைத் தாண்டிப் போகிற பெல்லட் யார் வீட்டு ஜன்னலுக்குப் போகும்? வலை கட்டுங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

அவர் போன பிறகுதான் தோன்றியது: என் கை இருக்கிற லட்சணத்தில் ஒரு ரூபாய்த் துட்டுக்குள் விழுமா? அண்ணன் மகன் கணக்குப்படி நான் கூண்டுக் கிளியைக்கூடக் குறிபார்க்கத் தகுதியில்லாதவள்.

டயானாவின் தோல் வாஷருக்கு எண்ணெய் விட்டேன். முதல் அடிகளில் புகை, பட்டாசுச் சத்தம். செக்ரட்டரி கேட்டிருப்பார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இளவேனில் வாலறிவன்! கஜகஸ்தானில் ஆசியச் சாம்பியன்ஷிப், தங்கம், 253.6. கடலூர்ப் பெண், வளர்ந்தது அகமதாபாத். பெயரை இந்தி சானலில் கொலை செய்கிறார்கள். இருக்கட்டும்.

ஃபைனலை ரெண்டு தரம் போட்டுப் பார்த்தேன். மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள், நான் இடது கையைத்தான் பார்த்தேன். மடக்கிய விரல்களின் மேல் துப்பாக்கி உட்கார்ந்திருக்கிறது. கை ஒன்றுமே செய்யவில்லை. எலும்பு தாங்குகிறது, தசை சும்மா இருக்கிறது.

ஆகஸ்ட் 23, சனி

வலது கையைத் தனியாகப் பிரித்துப் பார்க்க வழி கிடைத்துவிட்டது.

பழைய புடவையைக் கிழித்து, மணல் கொஞ்சமும் பஞ்சு நிறையவுமாகப் பை தைத்து, கவட்டையில் வைத்துக் கட்டினேன். கெட்டியும் இல்லை, தொளதொளப்பும் இல்லை. அதன் மேல் பென்சில் கோட்டில் துப்பாக்கி. இடது கை மடியில். ஸ்டூலில் உட்கார்ந்து கம்பின் உயரத்தை இறக்கிக்கொண்டேன். இப்போது துப்பாக்கியைத் தொடுவது தோளும் கன்னமும் வலது கையும் மட்டும். அட்டையில் என்ன சிதறல் வந்தாலும் அது வலது கை செய்தது.

கவட்டையிலிருந்து பட் வரை சுமார் அரை மீட்டர். பின்னால் ஒரு மில்லிமீட்டர் அசைந்தால் பத்து மீட்டரில் இருபது மில்லிமீட்டர் விலகும். முன்னால் கம்பு எவ்வளவு உறுதியாக நின்றாலும் பின்னால் ஆடுவதை அது மறைக்காது, பெரிதாக்கித்தான் காட்டும். ஆகவே சரியான பரிசோதனை. டாக்டரின் சுருளைவிடச் சரி.

சுட்டேன். நிதானமாக, ஒவ்வொன்றுக்கும் மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி.

அட்டையை எடுத்துவந்து சமையலறை விளக்கில் பார்த்தேன். எல்லாம் ஒரே ஓட்டையாகச் சேர்ந்துவிட்டது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பிய்ந்திருக்கிறது. இந்த ஜென்மத்தில் இப்படிச் சுட்டதில்லை, என்.சி.சி.யில் கூட இல்லை.

வலது கை பத்தரைமாற்றுத் தங்கம். கரண்டியைத் தூக்கி எறிந்தேன். சுவரில் கறை.

ஆகஸ்ட் 24

மறுபடி சுட்டேன். அதேதான்.

ஆகஸ்ட் 25

தூங்காமல், ரெண்டு டம்ளர் ஸ்ட்ராங் காபி குடித்துவிட்டுச் சுட்டேன். கொஞ்சம் பரவியது. சந்தோஷமாக இருந்தது. காபி குடித்தால் யாருக்குத்தான் பரவாது.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. தெருமுனையில் தமட்டை, பட்டாசு. கேட்டைத் தாண்டிப் பிள்ளைகள் ஓடுகிறார்கள். துப்பாக்கியைத் தொடவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

சிவாஜிநகர் மாதா கோயிலில் கொடியேற்றம். அண்ணி சுற்று வழியாக இழுத்துக்கொண்டு போனாள், காவிப் புடவைக் கூட்டத்தில் நசுங்கி வந்தோம். அவள் எனக்காக என்ன வேண்டினாள் என்று தெரியும். நான் என் வலது கையும் நடுங்க வேண்டும் என்று வேண்டினேன். மாதா இந்த மாதிரி விண்ணப்பத்தை இதுவரை வாங்கியிருக்க மாட்டாள்.

செப்டம்பர் 1

அண்ணன் மகன் அனுப்பிய நாலு கால் கம்பு வந்தது. அலுமினியம். பிரிக்கவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

பாராலிம்பிக்கில் எஸ்.எச்.2 என்று ஒரு பிரிவு, துப்பாக்கியின் பாரத்தைக் கையால் தாங்க முடியாதவர்களுக்கு. ஸ்டாண்டில் வைத்துச் சுடலாம். ஆனால் ஸ்டாண்டின் தலையில் ஸ்பிரிங் இருக்க வேண்டும், அது ஆடும், ஆட்டத்தை அடக்குவது சுடுகிறவர் பாடு. நம்ம கர்நாடகாவின் ஸ்ரீஹர்ஷா தேவரட்டி பாரிஸில் அப்படித்தான் சுட்டார். அவனி லேகரா வேறு பிரிவு, ஸ்டாண்ட் இல்லாமல் சக்கர நாற்காலியிலிருந்து, டோக்கியோவிலும் பாரிஸிலும் தங்கம்.

யாரும் அவர்களைப் பார்த்துச் சாய்ந்துகொண்டாய் என்று சொல்லவில்லை. அப்பா மட்டும்தான் சொல்லியிருப்பார். அவரும் கவுதாரிக்குப் போகும்போது சாய்ந்துகொண்டுதானே போனார்! கம்பில்லாமல் ஒருநாள்கூடப் போனதில்லை. ஏன் இதை நான் அப்போதே கேட்கவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

ஊசி போட்டுவிட்டு மணிக்கணக்கில் உட்காரவைத்தார்கள். பிறகு தலையை அசைக்கக் கூடாது என்று பட்டை கட்டிப் படுக்கவைத்தார்கள். அசையாமல் இருப்பது எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. டெக்னீஷியன் பெண் தமிழ், கோலார் பக்கம். நல்லாயிருந்தால் மூளைக்குள்ளே ரெண்டு பக்கமும் கமா மாதிரி வெளிச்சம் தெரியும், இல்லையென்றால் வால் போய் முற்றுப்புள்ளி மாதிரி ஆகிவிடும் என்றாள். என்னுடையது எது என்று கேட்டேன். "அதெல்லாம் டாக்டர் சொல்லுவாங்கம்மா." அவள் கண்ணைப் பார்த்தேன், மானிட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 6

நாலு கால் கம்பைப் பிரித்தேன். பின்கவட்டையின் உயரம் சரியாக வரவில்லை. சாய்வான சந்தில் ஒரு காலுக்கு அடியில் ஓட்டுச் சில்லு வைத்தேன். இடது உள்ளங்கையை நடுவில் வைத்தும் வைக்காமலும் மாற்றி மாற்றிச் சுட்டேன். வைத்தால் சிதறல் மேலும் கீழுமாக நீள்கிறது. வைக்காவிட்டால் தங்கம்.

செப்டம்பர் 7

மாத்திரை அட்டை ஃப்ரிட்ஜின் மேல் இருக்கிறது. இன்றும் இல்லை.

செப்டம்பர் 8, திங்கள்

மாதா தேர். போகவில்லை. இங்கிருந்தே வேட்டுச் சத்தம் கேட்டது. ராத்திரி எழுதும்போது கவனித்தேன், எழுத்து சின்னதாகிக்கொண்டே போகிறது. ஆகஸ்ட் 4-ஐத் திருப்பிப் பார்த்தேன். அப்போதும் சின்னதுதானா? பேனா வேறு. அளந்து பார்க்க வேண்டும், ஸ்கேல் எங்கே வைத்தேன்.

செப்டம்பர் 9

பத்து மணிக்கு போன் வந்தது. ரிப்போர்ட் தயாராம். என்ன இருக்கிறது என்றேன், நேரில் வாருங்கள், சாப்பிடுகிற மாத்திரையெல்லாம் எடுத்துவாருங்கள் என்றார்கள். அண்ணி ரெண்டு மணிக்கு வண்டியோடு வருகிறாள். மாத்திரை அட்டையில் ஒன்றுகூடக் குறையவில்லையே என்று டாக்டர் கேட்பார், என்ன சொல்வது