வேண்டாம் என்றதற்கான காரணம்

பைத்தான் என்ற நிரல் மொழியில் எந்தப் பெரிய மாற்றத்துக்கும் முதலில் ஒரு முன்மொழிவு எழுத வேண்டும். பெப் என்பார்கள். அவற்றில் நான் பலமுறை திறந்து படித்தது 3103ஆம் எண். ஒரு மதிப்பைப் பார்த்துப் பல வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஸ்விட்ச் கட்டளையைச் சேர்க்கலாமா என்று, மொழியை உருவாக்கிய கைடோ வான் ராசமே எழுதியது. 2007இல் பைக்கான் என்ற பைத்தான் மாநாட்டில் தன் உரையின்போது அங்கே வந்திருந்தவர்களிடம் கேட்டுப் பார்த்தார். ஆதரவு இல்லை. அதை ஆவணத்தின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டு, தன் முன்மொழிவைத் தானே நிராகரித்தார்.

எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த ஆவணத்தை யாரும் அழிக்கவில்லை என்பதுதான். 2020இல் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும் மேட்ச் கட்டளைக்கான முன்மொழிவு வந்தபோது, பழைய வாதங்கள் எல்லாம் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இருந்தன. பெப் எழுதுவதற்கான மாதிரிப் படிவத்திலேயே ‘நிராகரித்த யோசனைகள்’ என்று ஒரு பகுதி உண்டு. தோற்ற வாதத்துக்கும் அங்கே ஓர் இடம் இருக்கிறது.

நான் ஆவணங்களைக் கவனித்துக்கொள்ளும் திறந்த மூல மென்பொருள் திட்டத்தில் இந்த வழக்கம் இல்லை. அண்மையில் 32 பிட் என்ற பழைய வகைக் கணினிகளுக்கான ஆதரவை நிறுத்தினோம். சரியான முடிவுதான். சோதித்துப் பார்க்க எங்களிடம் இயந்திரங்கள் இல்லை, ஒவ்வொரு வெளியீடும் அதனால் தாமதமாகிக்கொண்டிருந்தது. ஆனால் முக்கியப் பராமரிப்பாளர்கள் சிலர் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டு, இரண்டு வரி அறிவிப்பு மட்டும் போட்டார்கள். பல ஆண்டுகளாக அந்தப் பகுதியைத் தன் சொந்த நேரத்தில் பார்த்துவந்த ஒருவருக்கும் அந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் விஷயம் தெரியும். ஏன் நிறுத்தக் கூடாது என்று முன்பே நீளமாக எழுதியிருந்தார். “நான் எழுதியதை யாராவது படித்தீர்களா?” என்று மட்டும் கேட்டார். பதில் வரவில்லை. அதன் பிறகு அவரிடமிருந்து ஒரு பேட்ச்கூட, அதாவது ஒரு நிரல் திருத்தம்கூட, வரவில்லை.

சம்பளம் வாங்குபவர் முடிவு பிடிக்காவிட்டாலும் மறுநாள் வேலைக்கு வருவார். தன்னார்வலருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வாதத்தில் தோற்றதற்காகப் போனவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. தன் வாதம் யார் காதிலும் விழவில்லை என்று தெரிந்ததும் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதற்காக எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். தன்னார்வலர்கள் நடத்தும் இயங்குதளத் திட்டமான டெபியன் 2022இல் தன் பொதுத் தீர்மான வாக்கெடுப்புகளில் யார் எதற்கு வாக்களித்தார் என்பதை மறைக்க முடிவு செய்தது. அதுவரை பெயரோடு வெளியிட்டார்கள். சூடான விஷயங்களில் பெயர் வெளியே தெரிந்தால் தொல்லை வரும் என்ற பயம் நியாயமானது. தன் வாக்கு எண்ணிக்கையில் சேர்ந்ததா என்று ஒவ்வொருவரும் சரிபார்த்துக்கொள்ளலாம், அது போதும். ஆளை மறைக்கலாம், காரணத்தை மறைக்கக் கூடாது. அதே டெபியனில் 2014இல், கணினி தொடங்கும்போது மற்ற சேவைகளை இயக்கிவைக்கும் சிஸ்டம்டி என்ற மென்பொருளை ஏற்பதா என்ற விவகாரம் தொழில்நுட்பக் குழுவில் நாலுக்கு நாலு என்று நின்று, தலைவரின் தீர்மான வாக்கால் முடிந்தது. கோபம் அடங்கவில்லை, சிலர் பிரிந்து போனார்கள். ஆனால் எந்த உறுப்பினர் எந்தக் காரணத்தால் எந்தப் பக்கம் நின்றார் என்பதை இன்றும் படிக்கலாம்.

ரஸ்ட் என்ற இன்னொரு நிரல் மொழியின் திட்டத்தில், நடத்தை பற்றிய புகார்களைக் கவனிக்கும் நெறியாளர் குழு 2021 நவம்பரில் மொத்தமாக விலகியது. மையக் குழு யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்படாத இடத்தில் இருக்கிறது என்பதே அவர்கள் சொன்ன காரணம். புகார் கொடுத்தவர்களின் விவரங்களை வெளியிட முடியாதுதான். ஆனால் கேள்வி கேட்க ஒருவருக்கும் அதிகாரம் இல்லாத குழு எவ்வளவு நல்லவர்களைக் கொண்டிருந்தாலும் ஆபத்துதான். 2023இல் அங்கே மையக் குழுவுக்குப் பதிலாகத் தலைமைக் கவுன்சில் அமைத்தார்கள்.

எங்கள் திட்டத்துக்கு நான் கேட்டிருப்பது சின்ன விஷயம். பெரிய முடிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். என்ன முடிவு, யார் எடுத்தார்கள், எதிர்த்தவர்கள் என்ன சொன்னார்கள், அதை ஏன் ஏற்கவில்லை. எதிர்ப்பைச் சுருக்கி எழுதியதும் எதிர்த்தவரிடமே காட்டி, “நீங்கள் சொன்னது இதுதானே?” என்று கேட்க வேண்டும். இந்த ஒரு படியை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எதிர்த்தவரின் வாதத்தை ஜெயித்தவர் எழுதினால் அது எப்போதும் கொஞ்சம் மெலிந்துதான் போகும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று ஒரு பராமரிப்பாளர் கேட்டார். கோட் எழுதவே ராத்திரி ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது அவருக்கு. அந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சரி, முதல் வரைவை ஆவணக் குழுவே எழுதித் தரும், நீங்கள் படித்துத் திருத்தினால் போதும் என்று சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் சம்மதிக்கவில்லை. பாதுகாப்புக் குறைபாடுகள் பற்றிய முடிவுகளை, திருத்தம் வெளியாகும்வரை இதிலிருந்து விலக்க வேண்டும் என்கிறார். அது சரி என்றே எனக்கும் படுகிறது, முன்மொழிவில் சேர்த்துவிட்டேன். எதிர்த்தவர் பதில் சொல்ல எத்தனை நாள் காத்திருப்பது என்பதில்தான் இப்போது பேச்சு நிற்கிறது. அவர் மூன்று நாள் என்கிறார், நான் இரண்டு வாரம் கேட்கிறேன்.