செருப்புப் பெட்டிக்குள் ஒரு கதை

எங்கள் நான்காம் வகுப்பில் மாதம் ஒரு புத்தகம், அதையொட்டி ஒரு கைவேலை. தமிழகப் பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் வாசிப்புத் திறனுக்கேற்ப ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு நிலைகளில் தந்த சின்னக் கதை நூல்கள்தான் கைவசம். போன மாதம் கதாபாத்திரத்துக்கு அஞ்சலட்டை எழுதினார்கள். இந்த மாதம், பழைய செருப்புப் பெட்டிக்குள் கதையின் ஒரு காட்சி.

பின்வரிசைப் பையன் ஒருவன், வாய்விட்டு வாசிக்கவே கூச்சப்படுவான். தேங்காய் நாரில் குருவிக்கூடு செய்து, புளியங்கொட்டை இரண்டை முட்டையாக வைத்திருந்தான். “கதையில மூணு முட்டைதானே?” என்றாள் பக்கத்தில் இருந்தவள். “ஒண்ணு குஞ்சு பொரிச்சிடுச்சு, இங்க பாரு” என்று புத்தகத்தைப் பிரித்து, அந்தப் பக்கம் முழுவதையும் சத்தமாக வாசித்துக் காட்டினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

டீச்சர்களே, கதைச்சுருக்கம் எழுதச் சொல்வதைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்கள். அடுத்த மாதம் நாங்கள் காகிதப்பை பொம்மலாட்டம் போடுகிறோம்.