செத்தவர் பட்டியலில் ஒரு பாட்டி

2025 நவம்பரில் ஒரு சனிக்கிழமை இரவு. சாப்பிட உட்கார்ந்த அம்மா, இரண்டு வாய் உண்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். "அந்தப் பாட்டியை நான் கொன்றுவிட்டேனோ என்னவோ, கண்ணு" என்றார்.

அம்மா அங்கன்வாடிப் பணியாளர். ஊரில் எல்லோருக்கும் 'டீச்சர்'. அதோடு எங்கள் பாகத்துக்கு, அதாவது வாக்காளர் பட்டியலில் எங்கள் வாக்குச்சாவடிக்கு உரிய பகுதிக்கு, வாக்குச்சாவடி நிலை அலுவலரும் அவர்தான். தேர்தல் ஆணையம் நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தைத் தொடங்கியபோது ஆயிரத்துச் சொச்சம் பெயர்கள் அச்சிட்ட கணக்கீட்டுப் படிவங்கள் ஒரு கட்டைப்பையில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. அதற்குப் பிறகு ஒரு மாதம் எங்கள் வீட்டில் துவரம்பருப்பு டப்பாவுக்குப் பக்கத்தில்கூடப் படிவம்தான். நான் இங்கே திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சன்டைசர். வேலை முடிந்து வந்து அம்மாவுக்கு ஸ்கூட்டர் ஓட்டியும், டார்ச் அடித்தும், செயலியில் படம் ஏற்றியும் கொடுத்தேன். ஆகவே இதைக் கேள்விப்பட்டு எழுதவில்லை.

பாட்டி விவகாரம் இதுதான். அம்மாவின் பாகத்தில் ஒரே பெயரில் இரண்டு பாட்டிகள், ஐந்து வரிசை எண் இடைவெளியில். பெயரை எழுதப்போவதில்லை; எங்கள் பக்கம் தெருவுக்கு இருவருக்கு இருக்கும் குலதெய்வப் பெயர். ஒருவர் இரண்டு வருடங்களுக்கு முன் காலமானார். சனிக்கிழமை மதியம் மழை. வீடு பூட்டிக் கிடந்தது. எதிர் வாசலில் நின்ற பையனிடம் அம்மா பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். "அவர்கள் செத்துப்போய் ரொம்ப நாளாகிவிட்டது, டீச்சர்" என்று அவன் சொன்னான். அம்மா செயலியில் 'இறந்தவர்' என்று தொட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். ராத்திரி சோற்றில் கை வைத்தபோதுதான் வரிசை எண் உறுத்தியிருக்கிறது.

மறுநாள் காலை ஏழு மணிக்கே போனோம். பாட்டி திண்ணையில் உட்கார்ந்து, மடி நிறைய பனியன் துண்டுகளை வைத்துக்கொண்டு பிசிர் வெட்டிக்கொண்டிருந்தார். முந்தின நாள் பேத்தி வீட்டுக்குப் போயிருந்தாராம். அம்மா உண்மையை ஒளிக்கவில்லை. பாட்டி கத்தரியைக் கீழே வைக்காமலே, "நான் செத்த சேதியை எனக்கு யாருமே சொல்லவில்லையே" என்றார். அம்மா சிரிக்கவில்லை. மேலே விசாரித்து, பதிவைத் திருத்தி வாங்குவதற்குள் இரண்டு நாள் ஆகிவிட்டது.

அந்தச் சந்தேகம் அம்மாவுக்கு வராமல் போயிருந்தால்? டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுவதும் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. 6.41 கோடியாக இருந்த வாக்காளர்கள் 5.43 கோடி ஆனார்கள். ஏறத்தாழ 27 லட்சம் பேர் இறந்தவர்கள், 66 லட்சம் பேர் குடிபெயர்ந்தவர்கள் அல்லது முகவரியில் இல்லாதவர்கள், மூன்று லட்சத்துச் சொச்சம் இரட்டைப் பதிவுகள் என்று கணக்குச் சொன்னார்கள். ஒரு கட்சி "வாக்குப் பறிப்பு" என்றது, இன்னொரு கட்சி "போலி வாக்காளர்கள் ஒழிந்தார்கள்" என்றது. தொலைக்காட்சியில் இருவரும் கத்திக்கொண்டிருந்தபோது அம்மா ஒலியைக் குறைத்துவிட்டு, "இதில் எத்தனை பேர் பேத்தி வீட்டுக்குப் போயிருந்தார்களோ" என்றார்.

எங்கள் ஊரில் லைன் வீடு என்றால் தெரியும். நீளமான ஓட்டுக் கட்டடம், வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு அறைகள், பொதுக் குழாய், கடைசியில் இரண்டு கழிப்பறைகள். அத்தனைக்கும் ஒரே கதவு எண். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து வந்து தைக்கிறவர்கள், பேக்கிங் பார்க்கிறவர்கள் குடியிருப்பார்கள். கூலி சரியில்லை என்றால் அடுத்த பொங்கலுக்குள் வேறு லைன் வீட்டுக்கு மாறிவிடுவார்கள். ஆள் போனாலும் பெயர் போகாது. அம்மாவின் பாகத்தில் ஒரே கதவு எண்ணில் 31 பேர் இருந்தார்கள். போய்ப் பார்த்தால் அந்தப் பட்டியலில் இருந்தவர்களில் ஐந்து பேர்தான் அங்கே வசித்தார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட பிறகு ஆர்டர் குறைந்து ஊருக்குப் போனவர்களும் அதில் உண்டு. பூட்டு தொங்கும் கதவுக்கு அம்மா மூன்று தடவை போனார். விதி அப்படி. நான்காம் தடவையும் போனார், அது விதி இல்லை.

இதைப் பார்த்தவன் என்பதால்தான், 2025 ஆகஸ்டில் ராகுல் காந்தி பெங்களூரு மகாதேவபுரா தொகுதிப் பட்டியலைத் திரையில் காட்டி, சிறிய வீடு ஒன்றில் 80 வாக்காளர்கள் என்றபோது, நண்பர்களைப் போல என்னால் உடனே துள்ளிக் குதிக்க முடியவில்லை. அந்த ஒரே தொகுதியில் 1,00,250 போலி வாக்குகள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. உறுதிமொழியில் கையெழுத்திட்டுக் கொடுங்கள் என்று தேர்தல் ஆணையம் பதிலுக்குக் கேட்டது. 80 பேர் என்பது மோசடியாகவும் இருக்கலாம், லைன் வீடாகவும் இருக்கலாம். காகிதத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். வாசலில் போய் நின்றால்தான் பிரித்துச் சொல்ல முடியும். ஆணையம் ஆள் அனுப்பி ஒவ்வொரு முகவரியாக விசாரித்து முடிவை வெளியிட்டிருந்தால் பேச்சே முடிந்திருக்கும். கேள்வி கேட்டவனிடம் சத்தியம் கேட்பது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

ஆனால் கர்நாடகத்தின் ஆலந்து தொகுதி வேறு ரகம். அங்கே 2023 சட்டமன்றத் தேர்தலுக்கு முன், பெயரை நீக்கச் சொல்லி இணையம் வழியாக 6,018 விண்ணப்பங்கள் வந்தன. விசாரித்ததில் 24 மட்டுமே உண்மை. பெரும்பாலும் யார் பெயரில் விண்ணப்பம் போயிற்றோ, அவருக்கே அது தெரியாது. நீக்கம் நடக்கவில்லை, நாங்களே போலீசில் புகார் கொடுத்தோம் என்கிறது ஆணையம். சரி. ஆனால் அதற்கு அலட்சியம், மழை, பேத்தி வீடு என்று எந்தச் சாக்கும் சொல்ல முடியாது. யாரோ உட்கார்ந்து செய்த வேலை.

பட்டியலில் போலிப் பெயர் இருந்தால் அது தானாக வாக்கு ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். வாக்குச்சாவடியில் கட்சி முகவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், விரலில் மை வைக்கிறார்கள். என் தாத்தா ஊரில் செத்தவர் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருவன் உள்ளே வந்தால், "கருமாதிச் சோறு தின்றவன் நான்" என்று முகவரே எழுந்து நிற்பார். எங்கள் ஊர்ச் சாவடியில் அப்படி எழுந்து நிற்க ஆள் இல்லை. முகவருக்குப் பாதிப் பேரைத் தெரியாது. ஓட்டு வித்தியாசமும் எப்போதும் ஆயிரக்கணக்கில் இருக்கும் என்று நம்பிவிட முடியாது. 2016இல் ராதாபுரம் 49 வாக்கில் முடிந்தது. 2021இல் தியாகராய நகர் 137. எங்கள் லைன் வீட்டு ஒரு கதவு எண்ணில் 31 பேர்.

இரட்டைப் பதிவு பற்றி ஒரு வார்த்தை. ஒருவர் இரண்டு தொகுதிகளில் பதிந்திருக்கக் கூடாது என்பது சட்டம். பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை. படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் இங்கே தைக்க வந்தவருக்கு உசிலம்பட்டிப் பக்கம் ஊரில் ஓட்டு, இங்கே ரேஷன் கார்டுக்குப் பிறகு எடுத்த இன்னொரு ஓட்டு. கேட்டால், "ஊரில் ஓட்டு இல்லாவிட்டால் ஊரில் நான் ஆளே இல்லை, டீச்சர்" என்றார் ஒருவர். அவர் மோசடிக்காரர் இல்லை. ஏதேனும் ஒன்றில் மட்டும் கையெழுத்திடுங்கள் என்று அம்மா சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் புரியும். ஊரைத்தான் எடுத்துக்கொண்டார்.

அம்மாவே கொஞ்ச நேரம் காணாமல் போனவர்தான். இந்தத் திருத்தத்துக்கு, 2002, 2005 பட்டியல்களில் தன் பெயரோ பெற்றோர் பெயரோ எங்கே என்று காட்ட வேண்டும் அல்லவா? அம்மாவுடையது தாராபுரம் பக்கம், தாத்தாவின் தலைப்பெழுத்தோடு. பழைய பட்டியல் படமாக இருக்கிறது, பெயரைத் தட்டித் தேட முடியாது. எங்கள் தெருக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை. அப்போது திருப்பூர் ஒரே தொகுதி. வடக்கு, தெற்கு என்று பிரிந்ததெல்லாம் 2008 மறுவரையறைக்குப் பிறகு. மூன்று இரவுகள் பக்கம் பக்கமாகப் புரட்டி, கடைசியில் அம்மாவைக் கண்டுபிடித்தேன். வயது மூன்று குறைத்துப் போட்டிருந்தார்கள். அதைத் திருத்த வேண்டாம் என்றார்.

வாசலில் ஆள் இல்லாததும், இருந்தும் பேசாததும் எனக்குப் புதிதல்ல. 2016 மே 16. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. வாக்குக் கணிப்பு நிறுவனம் ஒன்றுக்காக நாங்கள் ஆறு பேர் வேலைக்குப் போனோம். எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள். ஒரு நாளைக்கு 400 ரூபாய், மதியம் ஒரு பொட்டலம் தக்காளிச் சோறு. சாவடியிலிருந்து தள்ளி நின்று, வெளியே வரும் ஒவ்வொரு பத்தாவது ஆளிடமும் கேட்க வேண்டும். ஆளுக்கு 40 படிவம்.

பத்தாவது ஆள் ஓர் அக்கா. "அவரிடமே கேட்டுக்கொள், தம்பி" என்று பின்னால் வந்த கணவரைக் காட்டிவிட்டுப் போனார். இருபதாவது ஆள், வேகமாக நடந்த பெரியவர். முப்பதாவதும் பெண், சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தார், அவ்வளவுதான். யார் பேசினார்கள் தெரியுமா? கூப்பிடாமலே வந்து நின்ற இளைஞர்கள், கரைவேட்டிக்காரர்கள், டீக்கடையில் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தவர்கள். பதினொரு மணிக்குப் பத்தாவது ஆள் கணக்கை விட்டுவிட்டேன். மூன்று மணிக்கு என் கையில் 33 படிவங்கள். மீதி ஏழு படிவங்களை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நானே நிரப்பினேன். "பெண், 45 வயது, இல்லத்தரசி" என்று எழுதி, என் சித்தி யாருக்குப் போட்டிருப்பார் என்று யோசித்து டிக் செய்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் பதினெட்டு நிரப்பினான்.

இதைப் பத்து வருடமாக நான் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று மாலை பெரும்பாலான கணிப்புகள் தி.மு.க. ஆட்சி என்றன. சி-வோட்டர் நிறுவனம் மட்டும் அ.தி.மு.க.வுக்கு 139 என்றது. 19ஆம் தேதி எண்ணியபோது தேர்தல் நடந்த 232 இடங்களில் அ.தி.மு.க. 134, தி.மு.க. அணி 98. வாக்கு வித்தியாசம் ஏறத்தாழ ஒரு சதவீதம். ஆயிரம் பேரை ஒழுங்காகத் தேர்ந்தெடுத்துக் கேட்டாலே மூன்று சதவீதம் முன்பின் ஆகும் என்பது புள்ளியியல் பாடம். ஒரு சதவீதத்தை அதில் பிடிக்க நினைப்பது கல்லுத் தராசில் தங்கம் நிறுப்பது. அதிலும் என் ஏழு படிவங்கள் வேறு.

2004இல் வாஜ்பாய் அரசு திரும்பி வரும் என்றார்கள், வரவில்லை. 2024 இன்னும் கூத்து. தமிழ்நாடு ஏப்ரல் 19 அன்றே வாக்களித்தும், கடைசிக் கட்டம் முடியும்வரை கணிப்பு வெளியிடத் தடை இருப்பதால், ஜூன் 1 மாலைவரை 43 நாள் வாயைக் கட்டிக்கொண்டு காத்திருந்தோம். வந்த கணிப்புகளில் பல தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350க்கும் மேல், சில 400வரை கொடுத்தன. தமிழ்நாட்டிலும் அவர்களுக்குச் சில இடம் என்றார்கள். கிடைத்தது நாட்டில் 293, இங்கே பூஜ்யம். கணிப்பை நம்பி ஜூன் 3 அன்று சென்செக்ஸ் 2,500 புள்ளி ஏறியது, மறுநாள் 4,389 புள்ளி சரிந்தது. என் மாமா ஏறிய நாளில் வாங்கினார். அவர் இன்றுவரை என்னிடம் தேர்தல் பேசுவதில்லை.

இதற்காகக் கணிப்பெல்லாம் காசு வாங்கிக்கொண்டு செய்வது என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் நிறுவனத்தில் யாரும் எங்களை எந்தக் கட்சிக்கும் டிக் செய்யச் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. 400 ரூபாய்க்கு ஒரு பையனை வெயிலில் நிறுத்தி 40 படிவம் கேட்டால் என்ன வருமோ அது வந்தது. அம்மாவுக்கும் இதே கதைதான். ஆண்டுக்கு 6,000 ரூபாயாக இருந்த ஊதியத்தை 2025இல்தான் 12,000 ஆக்கினார்கள். அதற்கு ஆயிரம் பேரின் ஓட்டுரிமையைச் சுமக்க வேண்டும். வித்தியாசம் ஒன்று உண்டு. அம்மா ராத்திரி சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். நான் அன்று தக்காளிச் சோற்றை முழுதாகச் சாப்பிட்டேன்.

வரைவுப் பட்டியல் வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இருபது வயது இருக்கும். கையில் டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை. 2026 சட்டமன்றத் தேர்தலுக்கான கருத்துக்கணிப்பு, பதினான்கு கேள்விகள், ஐந்து நிமிடம் போதும் என்றாள். அம்மா உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து மோர் கொடுத்தார். அவள் முதல் கேள்வியைக் கேட்டதும், ஈசிசேரில் கிடந்த அப்பாவைக் காட்டி, "அவரிடமே கேட்டுக்கொள், கண்ணு" என்றார். நான் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா தூங்குவதுபோல இருந்தார்.

"நீங்கள்தான் சொல்ல வேண்டும், அம்மா. பெண்கள் யாருமே சொல்வதில்லை" என்றாள் அவள்.

"அது இருக்கட்டும். உனக்கு எந்த ஊர்?"

போடி. இங்கே விடுதியில் தங்கிப் படிக்கிறாளாம்.

"வரைவுப் பட்டியலில் உன் பெயர் இருக்கிறதா என்று பார்த்தாயா?"

அவள் பார்க்கவில்லை. அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, என் கைப்பேசியை வாங்கி, அவளுடைய வாக்காளர் அடையாள அட்டை எண்ணைக் கேட்டார். பெயர் வரவில்லை. ஊரில் படிவம் வந்தபோது வீட்டில் அப்பா, அம்மா இருவரும் ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்கு மலை ஏறியிருந்திருக்கிறார்கள். அம்மா பீரோவுக்கு மேலே இருந்த கட்டைப்பையை இறக்கி, பெயர் சேர்க்கக் கொடுக்கும் படிவம் 6 ஒன்றை உருவி அவள் முன்னால் வைத்தார். எதை எதை நகல் எடுக்க வேண்டும், யாரிடம் கொடுக்க வேண்டும் என்று அரை மணி நேரம் பாடம் நடந்தது. நடுவில் அப்பா எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

அந்தப் பெண்ணின் டேப்லெட்டில் எங்கள் வீட்டுக் கேள்விகள் பதினான்கும் காலியாகவே இருந்தன. அவள் அவற்றை என்ன செய்தாள் என்று தெரியாது. முக்கில் ஒரு வேப்பமரம் இருக்கிறது.