எம்மானுவேல் ரிவா எங்கும் மறைந்துபோகவில்லை

2013ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், கொழும்பு வெள்ளவத்தையில் அப்போது நாங்கள் குடியிருந்த தொடர்மாடி வீட்டின் முன் அறையில் அமர்ந்து, அம்மாவும் நானும் ‘அமூர்’ என்ற பிரெஞ்சுத் திரைப்படத்தைப் பார்த்தோம். அம்மம்மா காலமாகி ஓராண்டு கூட நிறைந்திருக்கவில்லை. பாரிசவாதம் வந்து வலப்பக்கம் முழுவதும் இழுத்துவிட்ட பின்னர், பத்தொன்பது மாதங்கள் அவரைக் குளிப்பாட்டியும் புரட்டிப் படுக்கவைத்தும் கஞ்சி பருக்கியும் பார்த்தவர் அம்மா. இப்படியொரு படத்தை அவருக்குக் காட்டலாமா என்று நான் மிகவும் தயங்கினேன். ஆங்கில உபதலைப்புகளை நான்தான் வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். கட்டிலில் கிடக்கும் மூதாட்டி ஒரே சொல்லை மீண்டும் மீண்டும் அரற்றும் காட்சி வந்தபோது, “நீ சொல்லவேண்டாம், எனக்கு விளங்குது” என்றார் அம்மா. சற்று நேரங்கழித்து, “இந்த மனிசி நடிக்கேல்லை, உண்மையாகவே படுத்துக் கிடக்குது” என்றும் சொன்னார்.

அந்த மூதாட்டியாக நடித்தவர் எம்மானுவேல் ரிவா. அவரைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே கதையைத்தான் திரும்பச் சொல்கிறார்கள்: 1959இல் ‘ஹிரோஷிமா மோன் அமூர்’ படத்தின் மூலம் உலகப் புகழ் பெற்றார், பிறகு காணாமற்போனார், 85ஆம் வயதில் திடீரென்று திரும்பி வந்தார். கேட்பதற்கு அழகாக இருந்தாலும் இது உண்மையன்று. அந்த ஐம்பது ஆண்டுகளிலும் அவர் வேலை செய்துகொண்டே இருந்தார் என்பதையும், முதற்படத்தில் தொட்ட ஒன்றைக் கடைசிவரை அவர் கைவிடவில்லை என்பதையும் பதிந்துவைக்கவே இதை எழுதுகிறேன்.

அவர் 1927 பெப்ரவரி 24 அன்று, பிரான்சின் கிழக்கே வோஜ் மாவட்டத்திலுள்ள செனிமெனில் என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் போலெத். தந்தை விளம்பரப் பலகைகளுக்கு எழுத்து வரைபவர். தையற்காரியாகச் சில ஆண்டுகள் உழைத்த ரிவா, 1953இல், தமது 26ஆம் வயதில், நடிப்புப் பயில்வதற்காகப் பாரிஸுக்குப் புறப்பட்டார். பிரான்ஸ் என்றவுடன் பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலையும் அங்கே கடை வைத்திருக்கும் ஒன்றுவிட்ட அண்ணனையும் நினைக்கிற வீடு எங்களுடையது. ஊரைவிட்டுப் பாரிஸுக்குப் போய்த் தொடக்கத்திலிருந்து வாழ்வதென்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். அதனால்தானோ என்னவோ, அவருடைய வாழ்க்கைக் குறிப்பில் இந்தப் பயணத்தைத்தான் நான் அதிக நேரம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். 26 வயது அக்காலத்தில் ஒரு பெண் நடிகையாகப் புறப்படும் வயதன்று.

சில ஆண்டுகள் மேடையில் நடித்த பிறகு, இயக்குநர் அலன் ரெனே அவரைத் தமது முதல் முழுநீளக் கதைப்படத்துக்குத் தேர்ந்தெடுத்தார். திரைக்கதை பிரெஞ்சு எழுத்தாளர் மார்கெரித் துராஸ் எழுதியது. சமாதானத்தைப் பற்றிய படமொன்றில் நடிப்பதற்காக ஹிரோஷிமாவுக்கு வந்திருக்கும் பிரெஞ்சு நடிகை ஒருத்தியும் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஒருவரும் சந்திக்கிறார்கள். இருவருக்கும் பெயர் இல்லை. அருங்காட்சியகத்துக்கு நான்கு தடவை போனேன், மருத்துவமனையைப் பார்த்தேன், எல்லாவற்றையும் பார்த்தேன் என்று அவள் சொல்லச் சொல்ல, நீ ஹிரோஷிமாவில் எதையுமே பார்க்கவில்லை என்று அவன் மறுத்துக்கொண்டிருக்கிறான். 2009க்குப் பிறகு வன்னியிலிருந்து வந்து எங்கள் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்த உறவுக்காரப் பெண்ணொருத்தியிடம், செய்திகளில் எல்லாவற்றையும் பார்த்தோம் என்று நான் ஒருநாள் சொல்லியிருந்தேன். அவள் மறுத்துப் பேசவில்லை. தலையை மட்டும் மெல்ல ஆட்டினாள். அதற்குப் பின்னர் இந்தப் படத்தின் முதற் பதினைந்து நிமிடங்களை என்னால் ஒரு தடவையும் சாதாரணமாகக் கடந்துபோக முடிந்ததில்லை.

படத்தின் இதயம் ஆற்றங்கரையிலுள்ள தேநீர்க் கடையில் இருக்கிறது. போர்க்காலத்தில் பிரான்சின் நெவேர் நகரில் ஜேர்மன் சிப்பாய் ஒருவனைக் காதலித்ததையும், ஜேர்மன் ஆக்கிரமிப்பிலிருந்து நகரம் விடுதலையானபோது அவன் சுட்டுக் கொல்லப்பட்டதையும், அவளுடைய தலை மழிக்கப்பட்டு நிலவறையில் அடைக்கப்பட்டதையும் அவள் முதன்முறையாக வாய்திறந்து சொல்கிறாள். சொல்லும்போது எதிரே இருக்கும் ஜப்பானியனை, இறந்துபோன காதலனாகவே எண்ணி ‘நீ’ என்று அழைக்கத் தொடங்குகிறாள். ரிவா இங்கே குரலை உயர்த்துவதில்லை. கண்கள் எதையோ தேடிக் கண்டெடுத்தவுடனே அதைத் தொலைப்பதற்கு அஞ்சுகின்றன. நினைவு திரும்பிவருவதால் அவள் துன்பப்படுகிறாள். அதைவிட, அதைச் சொல்லி முடித்துவிட்டால் மறந்துவிடுவேனே என்று துன்பப்படுகிறாள். மறதியை ஒரு துரோகமாக உணர்கிற மனிதரை அவ்வளவு துல்லியமாகக் காட்டிய வேறொரு முகத்தை நான் திரையில் கண்டதில்லை.

படப்பிடிப்புக்காக 1958இல் ஹிரோஷிமாவில் இருந்த நாட்களில், ரிவா கமரா ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து திரிந்து புகைப்படங்கள் எடுத்தார். குண்டு விழுந்து 13 ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்தப் படங்களில் விளையாடும் சிறுவர்களும் ஆற்றோரத்து வீடுகளும் அன்றாட வாழ்க்கையும் இருக்கின்றன. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்தே அவை கண்காட்சியாகவும் நூலாகவும் வெளிவந்தன. நீ எதையும் பார்க்கவில்லை என்ற வசனத்தை நாள்தோறும் கேட்டு நடித்த ஒருவர், ஓய்வு நேரத்தில் தம்மால் இயன்றவரை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருக்கிறது.

அதன் பிறகு வந்த படங்களில், நாஜி வதைமுகாமில் மின்வேலியில் பாய்ந்து உயிர்விடும் கைதியாக அவர் நடித்த ‘காப்போ’ பெரும் விவாதத்துக்கு உள்ளானது. அந்தச் சாவை நோக்கிக் கமராவை நகர்த்திச் சென்று அழகுபடுத்தியமைக்காக, இயக்குநர் பொந்தெகோர்வோவைத் திரைப்பட விமர்சகர் ஜாக் ரிவெத் 1961இல் எழுதிய கட்டுரையில் மிகக் கடுமையாகக் கண்டித்தார். அந்தக் கண்டனம் நியாயமானதே என்று நானும் கருதுகிறேன். ஆயினும் அந்தப் பிழையில் ரிவாவுக்குப் பங்கில்லை. அதே 1961இல் மெல்வில் இயக்கத்தில் ஜான்-போல் பெல்மோந்தோவுடன் நடித்தார். 1962இல், மோரியாக்கின் நாவலைத் தழுவி ஃபிரான்ஜு இயக்கிய ‘தெரேஸ் தெஸ்கெரு’வில், கணவனுக்கு நஞ்சு வைக்கும் மனைவியாக நடித்து வெனிஸ் திரைப்பட விழாவின் சிறந்த நடிகைக்கான விருதைப் பெற்றார்.

பிறகு வணிகப் படங்களின் வழியே அவர் போகவில்லை. மேடையில் நடித்தார், தொலைக்காட்சியிலும் நடித்தார், கவிதைத் தொகுப்புகள் வெளியிட்டார். இவற்றைக் காணாமற்போன காலம் என்பவர்கள் திரையரங்கின் சுவரொட்டிகளை மட்டுமே பார்த்திருக்கிறார்கள் என்றே சொல்லவேண்டும்.

1993இல் போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கியின் ‘நீலம்’ படத்தில் அவர் வரும் நேரம் மிகக் குறைவு. கணவனையும் குழந்தையையும் விபத்தில் பறிகொடுத்த ஜூலி, முதியோர் இல்லத்திலிருக்கும் தாயைப் பார்க்கப் போகிறாள். தாய் தொலைக்காட்சியிலிருந்து பார்வையைத் திருப்பி, மகளைத் தன் சகோதரியின் பெயரால் அழைக்கிறாள். எல்லாவற்றையும் மறந்துவிட விரும்புகிற மகளாக ஜூலியத் பினோஷும், விரும்பாமலே எல்லாவற்றையும் மறந்துவிட்ட தாயாக ரிவாவும் எதிரெதிரே அமர்ந்திருக்கிறார்கள். 1959இல் மறதிக்கு அஞ்சிய அந்த முகத்தில் இப்போது அச்சமே இல்லை.

‘அமூர்’ படத்துக்கு இந்த வழியாகத்தான் அவர் வந்து சேர்ந்தார். மிஷேல் ஹானெக்கே இயக்கிய அப்படம் 2012இல் கான் விழாவில் தங்கப்பனை விருதைப் பெற்றது. காலை உணவு மேசையில், பேசிக்கொண்டிருந்த ஆன், அதாவது ரிவா, சட்டென்று உறைந்துவிடுகிறாள். கணவன் ஜோர்ஜ், அதாவது ஜான்-லூயி திரந்தினியான், ஈரத் துணியால் அவள் முகத்தையும் கழுத்தையும் ஒற்றிவிட்டு, தண்ணீர்க் குழாயை மூட மறந்து உடை மாற்றப் போகிறான். தண்ணீர்ச் சத்தம் நின்றுபோகிறது. அவன் திரும்பி வந்து கேட்டால், நடந்த எதுவும் அவளுக்கு நினைவில்லை. என்னை ஏன் ஏமாற்றுகிறாய் என்பதைப் போல எரிச்சலோடு பார்க்கிறாள். பிறகு தேநீரை ஊற்றுகிறாள். அது கிண்ணத்துக்கு வெளியே விழுகிறது. அப்போதுதான் அவள் முகத்தில் ஏதோ ஒன்று இடிகிறது. அம்மம்மாவும் ஒரு காலை இப்படித்தான், கோப்பையை வைக்கவேண்டிய இடத்துக்கு ஒரு சாண் தள்ளி வைத்து, அது தரையில் விழுந்து உடைந்த பிறகும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவும் நானும் அந்த இடத்தில் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

அந்தப் பாத்திரத்துக்காக அவருக்குப் பிரான்சின் சீசர் விருதும் பிரித்தானியத் திரைப்பட அக்கடமியின் விருதும் கிடைத்தன. 85 வயதில், சிறந்த நடிகைக்கான ஒஸ்கார் பரிந்துரையைப் பெற்ற மிக மூத்தவரானார். அதே ஆண்டு அதே பட்டியலில் இருந்த கொவென்சானே வாலிஸுக்கு வயது 9. விழா நடந்த 2013 பெப்ரவரி 24 ரிவாவின் 86ஆவது பிறந்தநாள். விருது வேறொருவருக்குப் போனது. அதற்காக நான் அன்று உண்மையாகவே வருந்தினேன்.

அதற்கடுத்த ஆண்டு அவர் ஓய்ந்திருக்கவில்லை. 2014இல், 87 வயதில், மீண்டும் துராஸின் சொற்களுக்கே திரும்பிப் பாரிஸ் மேடையில் ‘சவன்னா பே’ நாடகத்தில், தன் நினைவுகளை இழந்துவரும் முதிய நடிகையாக நடித்தார். அதைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. 2017 ஜனவரி 27 அன்று, புற்றுநோயால், பாரிஸில் காலமானார்.

அவருடைய மறைவுக்குப் பிறகு பிரான்சில் வெளியான நகைச்சுவைப் படமொன்றில், முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்களே என்று வீட்டைவிட்டு ஓடிப்போகும் மார்த்தா என்ற கிழவியாக அவர் வருகிறார். கல்லறைத் தோட்டத்து வாங்கொன்றில் பழைய நண்பராக நடிக்கும் பியர் ரிஷாரும் அவரும் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். கமரா அவர்களுடைய பாதங்களைக் காட்டுகிறது. இருக்கையிலிருந்து எழும்பாமலே அந்த நான்கு பாதங்களும் இசைக்கு ஏற்ப ஒன்றாக நடனமாடுகின்றன. அந்தக் காட்சியை மட்டும் அம்மா என்னிடம் மறுபடியும் போடச் சொன்னார்.