ரிப்போர்ட் வர்ற வரைக்கும்

ஜூலை 7
இன்னும் வரல. புதன்கிழமைங்கிறாங்க.

ஜூலை 8
ராத்திரி பூரா அப்பாவுக்கு இருமல். வெளி பெஞ்சுல உக்காந்து ஐடா டார்பெல்னு ஒரு அமெரிக்கப் பத்திரிகைக்காரி பத்தி படிச்சேன். பென்சில்வேனியாக்காரி, 1857ல பொறந்தவ. அவ அப்பா ஃபிராங்க்ளின் எண்ணெய் ரொப்புற மரத்தொட்டி செஞ்சு வித்தவரு, அப்புறம் அவரே எண்ணெய்த் தொழில்ல எறங்கிட்டாரு. 1872ல ரயில் கம்பெனிங்களும் எண்ணெய் முதலாளி ராக்ஃபெல்லர் கூட்டமும் ரகசியமா ஒரு ஒப்பந்தம் போடுது, சரக்குக் கூலி எல்லாருக்கும் ஏறும், இவங்களுக்கு மட்டும் கழிவு, அது பத்தாதுன்னு போட்டிக்காரன் அனுப்புற பீப்பாய்க்கு அவன் கட்டுற கூலிலயும் இவங்களுக்குப் பங்கு!! என்ன மூளைடா சாமி. ஊரே எதிர்த்து நின்னு ஒப்பந்தம் ரத்தாச்சு, ஆனா அதுக்குள்ள கிளீவ்லாண்ட்ல இருந்த 26 சுத்திகரிப்பு ஆலைல 22 ராக்ஃபெல்லர் கைக்குப் போயிருச்சு. ஐடாவுக்கு அப்ப 14 வயசு. அந்த சமயத்துல அப்பா வீட்ல பாடுறதையே விட்டுட்டாருன்னு பின்னாடி எழுதிருக்கா.

நம்மாளு கணக்கு எழுதும்போது சீர்காழி பாட்டு முணுமுணுப்பாரு. எப்ப நிறுத்துனாரு?

ஜூலை 9
ஒன்னேகால் இட்லி.

ஜூலை 10
திடீர்னு கண்ண தொறந்து "ட்ரங்கு பெட்டில இருக்க பில்லு சீட்டெல்லாம் எடுத்து எரிச்சிரும்மா"ன்னாரு. சரிப்பான்னேன்.

ராக்ஃபெல்லரோட கம்பெனி ஸ்டாண்டர்ட் ஆயில், அதோட ஆபீஸ்ல ஒரு பையன், மாசாமாசம் பழைய பேப்பர எரிக்கிறது அவன் வேலை. ஒருநாள் அதுல அவனோட ஞாயித்துக்கிழமை பைபிள் வாத்தியார் பேரு, அவரு தனியா சின்னதா ஆலை வச்சிருந்தவரு. எரிக்காம எடுத்துட்டு வந்து அவர்கிட்டயே குடுத்துட்டான், அவரு ஐடாகிட்ட. போட்டிக்காரன் எங்க எவ்ளோ சரக்கு அனுப்புறான்னு ரயில்வே குமாஸ்தாங்களே கம்பெனிக்கு வேவு சொன்னது அத்தனையும் அதுல இருக்கு. அந்தப் பையன் பேரு எங்கயும் இல்ல. அவனுக்குத்தான் செல வைக்கணும்.

ஜூலை 11
எல்லார் மேலயும் எரிச்சல். கேன்டீன் டீ வெந்நி. ஐடா மேலயும்தான், பொம்பளைங்களுக்கு ஓட்டு வேணாம்னு பேசிருக்கா, காலேஜ்ல அவ பேட்ச்ல ஒரே பொண்ணா படிச்சு வந்தவ!

ஜூலை 12
ஹென்றி ரோஜர்ஸ்னு அந்தக் கம்பெனி பெரிய தலை, மார்க் ட்வைன் மூலமா அறிமுகம், மாசக்கணக்கா அவகிட்ட நல்லாத்தான் பேசிட்டிருந்தாரு. அந்த பேப்பர் விஷயம் அச்சுல வந்ததும் மூஞ்சி மாறிருச்சு, எங்கேர்ந்து கெடச்சுதுன்னு கேட்டாரு. சொல்லல.

ஜூலை 13
அந்தக் கம்பெனி பத்தி எழுத வேணாம்னுதான் அவ அப்பாவும் சொன்னாரு, பத்திரிகையையே இல்லாம ஆக்கிருவாங்கன்னு. அவ கேக்கல. மெக்ளூர்ஸ் பத்திரிகைல 1902 நவம்பர்லேர்ந்து 1904 வரைக்கும் 19 பகுதி. 1905ல அவ அப்பா போயிட்டாரு. கோர்ட்டு கம்பெனிய 34 துண்டா உடைக்கச் சொன்னது 1911ல.

ஆறு வருஷம்.

ஜூலை 14
டாக்டர் பதினோரு மணிக்கு வரச் சொல்லிருக்காரு. எரிச்சிட்டியான்னு அப்பா கேட்டாரு. எரிச்சிட்டேன்னு சொல்லிட்டேன். சாவி என் பைல