அம்மாவின் கால் ஆறட்டும்

ஜூன் 14, 2025, சனி

அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து த்ரீவீலில் கூட்டி வந்தோம். சீனி வருத்தத்தில், அதாவது நீரிழிவில், வந்த கால் புண். ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். புண்ணுக்குப் போட்ட கட்டை நேரத்துக்கு மாற்ற வேண்டும், காலை ஊன்றக் கூடாது, சீனி ஏறக் கூடாது. எல்லாம் சொல்லிவிட்டு டாக்டர், "மனசை நிம்மதியா வச்சுக்கச் சொல்லுங்க" என்றார். இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் நிம்மதியா? ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். அடுத்த வீட்டில் பிள்ளை தும்மினால் இங்கே படுத்தபடியே அம்மா "நூறு" சொல்வார்.

ஜூன் 17, செவ்வாய்

பார்க்க வருகிறவர்கள் ஓயவில்லை. சீனிக்காரிக்குக் கிரீம் பிஸ்கட்! அதைக்கூட ஒளித்து வைத்துவிடலாம். பேச்சை எங்கே ஒளிப்பது? "மேல் டிவிஷன்ல ஒருத்தருக்கு இப்படித்தான் விரல்ல ஆரம்பிச்சு முழங்கால் வரைக்கும் எடுத்தாங்க" என்று ஒருவர் நேற்று விலாவாரியாகச் சொன்னார். அம்மா ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. காலையில் குத்திப் பார்த்தால் சீனி ஏறியிருக்கிறது.

வாசலில் அறிவித்தல் ஒட்டலாம்தான். அப்புறம் ஒரு குடம் தண்ணீர்கூட யாரும் தூக்கித் தர மாட்டார்கள். அதனால் லயத்திலேயே சத்தமாகப் பேசும் கோடிவீட்டுப் பெரியம்மாவையே காவலுக்குக் கேட்டுக்கொண்டேன். இப்போது எல்லாரும் இஸ்தோப்பிலேயே, முன் திண்ணையிலேயே, நிறுத்தப்படுகிறார்கள். வியாதிக் கதை எடுத்தால் பெரியம்மா தேத்தண்ணி ஊற்றுவதில்லை.

ஜூன் 22, ஞாயிறு

அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிக் 1984-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பென்சில்வேனியா ஆஸ்பத்திரி ஒன்றில் பித்தப்பை ஆபரேஷன் செய்த 46 பேரின் பதிவேடுகளைப் பார்த்தார். பாதிப் பேரின் ஜன்னலில் மரங்கள், மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்துக் கிடந்தவர்கள் கொஞ்சம் முன்னதாகவே வீட்டுக்குப் போனார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

எங்களுக்குப் பச்சைக்கா பஞ்சம்? தம்பியும் நானும் கட்டிலைத் தேயிலை மலை தெரிகிற ஜன்னல் பக்கம் திருப்பினோம். ஒரு மணி நேரம் போகவில்லை: "ஏம்புள்ள, கொழுந்து முத்திக் கிடக்கே, எப்போ எடுக்கப் போறாங்க? கவ்வாத்தும் சரியில்ல." முப்பது வருடத்துக்கு மேல் கூடை சுமந்த முதுகுக்கு அது காட்சி இல்லை, வேலைத்தளம். கட்டில் இப்போது பின்பக்க லீக்ஸ் பாத்தியைப் பார்த்திருக்கிறது. அது அம்மா போட்ட பாத்தி.

ஜூன் 25, புதன்

வாரக் கடன் வசூலிக்கும் நாள். கீழே ரோட்டில் மோட்டர் சைக்கிள் சத்தம் கேட்டதுமே அம்மாவின் முகம் மாறிவிட்டது. கடன் அம்மா பேரில்தான் இருக்கிறது. இறங்கிப் போய் வசூலிக்க வந்த பையனிடம், இனி வீட்டுக்கு வர வேண்டாம், நான் படிப்பிக்கும் பாடசாலை கேற்றில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். சரி என்றான். பணம் எங்கிருந்து வரும் என்பது வேறு கதை.

பயமும் கவலையும் நீண்டால் உடம்பில் கோர்ட்டிசோல் என்ற சுரப்பு கூடும். அது சீனியை ஏற்றும். சீனி ஏறினால் புண் ஆறத் தாமதிக்கும். 1995-இல் ஒஹாயோவில் ஜெனிஸ் கீகோல்ட்-கிளேசரின் ஆய்வுக் குழு, மறதி நோயாளிகளைப் பராமரித்த 13 பெண்களின் கையில் சின்னக் காயம் ஏற்படுத்திப் பார்த்தது. அந்தச் சுமை இல்லாத பெண்களைவிட இவர்களுக்கு ஆற ஒன்பது நாள் கூடுதலாகப் பிடித்தது. கவனியுங்கள், அவர்கள் நோயாளிகள் இல்லை, பார்த்துக்கொண்டவர்கள். தங்கச்சிக்குப் போன் போட்டேன்: சனி ஞாயிறு ராத்திரி நீ வந்து படு.

ஜூலை 5, சனி

விடாத மழை. விறகு அடுப்பைப் பின் சாய்ப்புக்கு மாற்றியாயிற்று, அம்மா படுக்கும் காம்பரா அறையில் புகை இல்லை. தகரத்தில் மழை கொட்டும்போதுதான் அம்மா நன்றாகத் தூங்குகிறார்.

ஜூலை 18, வெள்ளி

முதல் ஆடி வெள்ளி. கோயில் ஸ்பீக்கரை நினைத்து எனக்குத்தான் பதற்றம். தலைவரிடம் கேட்டதில் ஒரு குழாயை ஸ்டோர் பக்கம் திருப்பினார்கள். ஆனாலும் லயமே அதிர்ந்தது, அம்மா குறட்டை விட்டார். எழுப்பியது எது தெரியுமா? அடுப்படியில் அண்ணனும் அண்ணியும் குசுகுசுவென்று தவணையைப் பற்றிப் பேசியது. "எவ்வளவு கட்டணும்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மறைக்காமல் கடன் கணக்குக் கொப்பியை எடுத்துப் போய்க் காட்டினேன். கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, தன் காதுத் தோட்டைப் பேங்கில் அடகு வைக்கச் சொன்னார். அதன்பிறகு மறுபடி தூங்கிவிட்டார்.

புண்ணின் ஓரங்களில் புதுத் தோல் சிவப்பாக வருகிறது. திங்கட்கிழமை கிளினிக், த்ரீவீலுக்குச் சொல்லியாயிற்று.